வாசலில் பிரேக் பேடு மாற்றிய ஒரு காலை: தண்டையார்பேட்டை, பழைய சிவிக்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு குறுகல். இரண்டு பக்கமும் தெருவை ஒட்டியே வீட்டுச் சுவர்கள். கார் உள்ளே நுழைந்தால் அது போடும் எந்தச் சத்தமும் சுவரில் பட்டு நம் காதுக்கே திரும்பி வரும். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்ததோ தெரியாது, அந்தக் கீச்சுச் சத்தத்தை நான் முதலில் கேட்டது எங்கள் தெருவில்தான். இடப்பக்கம், பின்சக்கரம். மெதுவாக உருளும்போது வந்தது. பிரேக்கை லேசாக மிதித்தால் நின்றது. காலை எடுத்தால் மறுபடி வந்தது.

இதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்துவது பேடு. அதன் இரும்புத் தகட்டில் சின்னதாக ஒரு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசும். மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லத்தான் அந்தச் சத்தம். ஆனால் எனக்குக் கணக்கு இடித்தது. என்னுடையது 2009 மாடல் ஹோண்டா சிவிக், கையால் கியர் போடும் வண்டி, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பின்பக்கப் பேடுகளை 14 மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதற்கப்புறம் ஓடியது 11,000 கிலோமீட்டர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, அதனால் பெரும்பங்கு வேலை முன் பிரேக்குகளுக்குத்தான். அந்த முன்பக்கப் பேடுகளே இன்னும் பாதிக்கு மேல் இருக்கும்போது பின்பக்கம் எப்படி இவ்வளவு சீக்கிரம் தீரும்?

பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணூரில் லாரித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று சாயங்காலம் கார் கூடவே நாலு வீடு தூரம் நடந்து வந்து காது கொடுத்துக் கேட்டார். "பேடு மாத்துறது பெரிய வேலை இல்ல தம்பி. யார் வேணா மாத்துவாங்க. ஏன் தேஞ்சுதுன்னு பாரு. இங்க உப்புக் காத்து, நட்டு போல்ட்டெல்லாம் ஒரு வருசத்துல வெல்டு வெச்ச மாதிரி ஆயிடும்" என்றார். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் இதை ஒர்க்‌ஷாப்பில் விடாமல் நானே பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

பேடுகளை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். அங்கே ஸ்பேர் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடையில் கிடைக்கும். வண்டியின் ஆர்.சி. புத்தகமும், செல்போனில் பழைய பேடின் படமும் எடுத்துப் போயிருந்தேன். ஒரு செட், அதாவது இரண்டு பின்சக்கரத்துக்கும் சேர்த்து நான்கு பேடு, 1,900 ரூபாய். பெட்டிக்குள் பேடின் ஓரங்கள் உட்காரும் ஸ்டீல் கிளிப்புகளும் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்தேன். கிளிப் இல்லாத மலிவு செட்டும் கிடைக்கும், கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அதை வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, காரணம் பிறகு வருகிறது. பேடை அழுத்தும் உருளையான பிஸ்டனைத் திருகி உள்ளே தள்ளும் டூல் செட் பிராட்வேயில் 1,250 ரூபாய். பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் ஒரு டியூப், பிரேக் கிளீனர் ஸ்பிரே ஒன்று, வயர் பிரஷ், மெல்லிய உப்புத்தாள். மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்தேன். அன்று காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிறவர்களின் வண்டிகள் விடியும் முன்பே எங்கள் பக்கத்துத் தெருக்களை நிறைத்துவிடும், காரைத் தூக்கி வைத்துவிட்டு யாருக்கும் வழிவிட முடியாது. ஒரு வியாழக்கிழமை லீவு போட்டேன். காலை 6 மணிக்கு ஆரம்பம்.

வாசலில் சிமென்ட் தரை, கிட்டத்தட்ட சமதளம். முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தேன். இந்த வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடத்தான் வேண்டும், அது இழுத்திருந்தால் பின்பக்கக் காலிப்பர், அதாவது பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், கழன்று வராது. ஆக, வண்டி நகராமல் நிற்பது கியரையும் கல்லையும் நம்பித்தான். கல் வைக்கும் வேலையைச் சும்மா பேருக்குச் செய்யாதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே 19 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் ஐந்து நட்டையும் கால் சுற்று தளர்த்தி, அப்புறம் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் ஓரச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டேன். ஸ்டாண்டு வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும், என் கையின் மேல் உட்காராது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வேலை செய்யக் கூடாது.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது அந்த ஆயில் எல்லாம் டப்பாவுக்குத்தான் திரும்பி வரும். நிரம்பி வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

காலிப்பரைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். மேல் போல்ட் தளர்ந்தது. கீழ்ப் போல்ட்டைத் திருப்பியபோது போல்ட்டோடு உள்ளிருந்த ஸ்லைடு பின்னும் (காலிப்பர் வழுக்கி நகரும் கம்பி) சேர்ந்து சுற்ற வேண்டும், அதனால் அதை இன்னொரு மெல்லிய ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். இங்கே பிடிக்கவே தேவைப்படவில்லை. பின் அசையாமல் நின்றது. அப்போதே எனக்குப் பதில் பாதி தெரிந்துவிட்டது.

காலிப்பரைத் தூக்கி, கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். பிரேக் ஹோஸில் அது தொங்கக் கூடாது. ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உள்ளே கிழிந்துபோகும்.

பேடுகளை வெளியே எடுத்து வெர்னியரில் அளந்தேன். வெளிப்பக்கப் பேடு 5.5 மி.மீ. மிச்சம். உள்பக்கப் பேடு 1.4 மி.மீ. ஹோண்டா சொல்லும் கடைசி எல்லை 1.6. ஒரே காலிப்பருக்குள், ஒரே நாளில் போட்ட இரண்டு பேடுகள்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த மாதிரி காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கிறது, உள்பக்கம். மிதித்ததும் பிஸ்டன் உள்பக்கப் பேடை டிஸ்க்கில் அழுத்தும். அதற்கு மேல் போக வழி இல்லாததால், எதிர்விசையில் காலிப்பர் உடம்பே உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் ஒட்டும். அந்த நகர்தல் நடப்பது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல். ஒரு பின் துருவில் சிக்கிக்கொண்டால் காலிப்பர் நகராது. உள்பக்கப் பேடு மட்டும் வேலை செய்யும். காலை எடுத்த பிறகும் காலிப்பர் தளர்ந்து விலகாது, உள்பேடு டிஸ்க்கில் தொட்டபடியே ஓடும். என் 11,000 கிலோமீட்டர் அப்படித்தான் போயிருக்கிறது. 14 மாதம் முன்பு பேடு மாற்றிய ஒர்க்‌ஷாப்பில் இந்தப் பின்களைக் கழற்றவே இல்லை. கழற்றியிருந்தால் கிரீஸ் இருந்திருக்கும். ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தபோது உள்ளே இருந்தது காய்ந்த பழுப்புத் தூள்.

எங்கள் பகுதியில் இது எதிர்பார்க்க வேண்டிய விஷயம். கடல் எங்கள் வீட்டிலிருந்து ஒரு நடை தூரம். கேட்டின் தாழ்ப்பாள், மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயின் கிளாம்பு, சைக்கிள் செயின் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். காற்றில் வரும் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மழை இல்லாத மாதத்திலும் இரும்பு நனைந்தபடியே இருக்கிறது. ஸ்லைடு பின்னைக் காப்பது ஒரு ரப்பர் உறை மட்டும்தான். அதன் விளிம்பு பள்ளத்தில் சரியாக உட்காராவிட்டால் உப்பும் ஈரமும் நேராக உள்ளே போகும்.

கீழ்ப் பின்னை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, பதினைந்து நிமிடம் விட்டு, ஸ்பேனரால் பின்னை இடமும் வலமும் நூல் அளவு திருப்பி, மறுபடி ஸ்பிரே. நேராக இழுத்தால் வராது, சுற்ற ஆரம்பித்தால்தான் வரும். அண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்று, "சுத்தியல் எடுக்காத. பிராக்கெட் காது உடைஞ்சா அதுக்கு மேல செலவு" என்று மட்டும் சொன்னார். பிராக்கெட் என்பது காலிப்பரையும் பேடுகளையும் தாங்கும் சட்டம். எட்டு மணி வாக்கில் ஒரு சின்ன முனகலோடு பின் கால் சுற்று சுற்றியது. அதற்கப்புறம் திருப்பித் திருப்பி வெளியே எடுத்துவிட்டேன். பாதி நீளத்துக்குச் செதில் செதிலாகத் துரு.

மெல்லிய உப்புத்தாளால் மேல்துருவை மட்டும் எடுத்தேன். பளபளப்பாகும்வரை தேய்த்தால் பின் மெலிந்து ஓட்டையில் ஆடும். நல்லவேளையாக ஆழமான குழிகள் இல்லை. குழி இருந்திருந்தால் புதுப் பின் வாங்கியே ஆக வேண்டும். துளைக்குள் பிரேக் கிளீனர் அடித்து, துணி சுற்றிய குச்சியால் பழைய பசையை வழித்தேன். பல கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றுபோல இருக்காது, அதனால் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்திருந்தேன். சிலிகான் கிரீஸைப் பின் முழுக்க மெல்லியதாகப் பூசி உள்ளே விட்டேன். இங்கே தயவுசெய்து சாதாரண பேரிங் கிரீஸ் போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெயில் செய்த கிரீஸ் அந்த ரப்பர் உறையை ஊத வைக்கும், ஊதிய உறை மறுபடி பின்னை இறுக்கிப் பிடிக்கும். செய்த வேலை எல்லாம் வீணாகும். கிரீஸை அப்பி அடைப்பதும் தவறு, உள்ளே காற்று போக இடம் இல்லாமல் பின் வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

ஒரு விரலால் தள்ளினேன். பின் உள்ளே போய், விட்டதும் மெதுவாகத் திரும்பி வந்தது. மேல் பின்னையும் கழற்றி அதே மாதிரி செய்தேன்.

அடுத்து கிளிப்புகள். பழைய கிளிப்பை நெம்பி எடுத்ததும் அடியில் பிராக்கெட்டின் மேல் துரு தடித்துப் படிந்திருந்தது. துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும். அடியில் வளரும் அந்தத் துரு கிளிப்பை மேலே தூக்கி, பேடின் காதை இறுக்கும். புதுப் பேடு கையால் வழுக்கிக்கொண்டு போகாமல் அடித்து நுழைக்க வேண்டியிருக்கிறது என்றால் இதுதான் காரணம். வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புதுக் கிளிப் போட்டேன். பெட்டியில் கிளிப் இருக்கட்டும் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான்.

பேடுத் தூளை வாயால் ஊதக் கூடாது. எல்லாப் பேடிலும் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, சில மலிவான பேடுகளில் கல்நார்கூட இருக்கலாம். மாஸ்க் போட்டு, கிளீனரால் நனைத்தே துடைத்தேன்.

டிஸ்க்கை அளந்தேன், 8.7 மி.மீ. இருந்தது. குறைந்தபட்சம் 8 மி.மீ. இருக்க வேண்டும். விரிசலோ ஆழமான கீறலோ இல்லாததால் அதையே வைத்துக்கொண்டேன்.

இப்போது பிஸ்டன். முன்பக்கக் காலிப்பரில் சி கிளாம்பு வைத்து நேராக அழுத்திவிடலாம். பின்பக்கத்தில் அப்படிச் செய்தால் காலிப்பரே போய்விடும். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக்கும் அதே பிஸ்டன் வழியாகத்தான் வேலை செய்கிறது. பிஸ்டனுக்குள் ஒரு திருகும் அதற்கொரு நட்டும் இருக்கின்றன. பேடு தேயத் தேய நட் தானாகவே திருகில் முன்னேறி, ஹேண்ட் பிரேக்கின் இடைவெளியைச் சரிக்கட்டிக்கொண்டே வரும். நேராக அழுத்தினால் அந்தத் திருகு பின்வாங்காது, உடையும். அழுத்தியபடியே சுற்றினால்தான் பிஸ்டன் உள்ளே போகும். சிவிக்கில் கடிகாரம் சுற்றும் திசை. சில கம்பெனிக் கார்களில் ஒரு பக்கம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டியிருக்கும், டூல் செட்டில் இரண்டு வகைத் திருகும் வருவது அதனால்தான். ஹேண்ட் பிரேக் பட்டனாக இருக்கும் புதிய கார்களில் இந்த முறையே ஆகாது. அங்கே முதலில் ஹேண்ட் பிரேக்கை இயக்கும் மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், பல கார்களில் அதற்கு ஸ்கேனர் கருவியை மாட்ட வேண்டியிருக்கும்.

சுற்றும்போது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறையும் முறுக்கிக்கொள்ளப் பார்த்தது. நிறுத்தி, ஒரு கால் சுற்று பின்னால் விட்டு, உறையின் ஓரத்தில் கிரீஸ் தடவினேன், அப்புறம் தனியாகச் சுற்றியது. உறை கிழிந்தால் பிஸ்டனுக்கும் இதே உப்புக் கதைதான்.

கடைசியில் ஒரு சின்ன விஷயம், ஆனால் தவறவிடுகிறவர்கள் அதிகம். பிஸ்டன் முகத்தில் குறுக்காகப் பள்ளங்கள் இருக்கும். உள்பக்கப் பேடின் முதுகில் ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் பள்ளத்துக்குள் உட்காரும்படி பிஸ்டனை நிறுத்த வேண்டும். உட்காராவிட்டால் பேடு சாய்ந்து நின்று ஒரு ஓரமாகத் தேயும், ஹேண்ட் பிரேக்கும் சரியாக நிற்காது. டார்ச் அடித்து இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். உரசும் நாக்கு உள்ள பேடு உள்பக்கம். பேடின் காதுகளிலும் முதுகிலும் கிரீஸை ஒற்றி எடுத்த அளவு. உரசும் முகத்தில் கை படவே கூடாது.

காலிப்பர் போல்ட்டுகள் சின்னவை. 23 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கம், கை பலம் முழுவதையும் காட்டினால் மரை போய்விடும்.

வலப்பக்கம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. அங்கே இரண்டு பின்னும் காய்ந்திருந்தன, ஆனால் அசைந்தன. பேடுகள் 4 மி.மீ., 3.6 மி.மீ. அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும், இருந்தாலும் ஒரு அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சக்கரம் மாட்டும் முன்பே உள்ளே உட்கார்ந்து பிரேக் பெடலை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு தடவை மிதித்தேன். முதல் மிதியில் பெடல் தரையைத் தொட்டது. பிஸ்டன் உள்ளே தள்ளி இருப்பதால் அது அப்படித்தான் போகும், நான்காவது ஐந்தாவது மிதியில் கெட்டியானது. இதை மறந்து வண்டியை எடுத்தால் முதல் திருப்பத்தில் பிரேக்கே இருக்காது. எங்கள் தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அதனால் இதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பித்திருந்தேன். பிறகு ஹேண்ட் பிரேக்கைப் பலமுறை இழுத்து விட்டேன், ஏழாவது கிளிக்கில் நின்றது. ஆயில் அளவைப் பார்த்து, புதிதாகத் திறந்த டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊற்றிச் சரிசெய்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து இடப்பக்க டிஸ்க்கைக் கையால் சுற்றினால், கனமாக இருந்தது. திரும்பவும் குனிந்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்கும் நெம்புகோல், விட்ட பிறகும் அதன் தடுப்பு முனை வரை திரும்பவில்லை. ஒரு அரிசி அளவு இடைவெளி. கேபிளின் உறைக்குள்ளும் துரு இருக்கிறது என்று அர்த்தம். நெம்புகோலின் அச்சில் எண்ணெய் விட்டு, கையால் இருபது முப்பது தடவை ஆட்டினேன், முனையைத் தொட்டது. டிஸ்க் லேசானது. ஆனால் கேபிளை இனி நம்ப முடியாது என்பதால் அன்றிலிருந்து வாசலில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை இழுப்பதை விட்டுவிட்டு, கியரும் கல்லும் மட்டும் வைத்தேன். கேபிள் மாற்ற வண்டியின் அடியில் முழுதாகப் போக வேண்டும். அதற்கு என் வாசலும் ஸ்டாண்டும் போதாது. புதுக் கேபிள் வந்ததும் லிஃப்ட் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.

வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில், 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி முடிக்கும்போது மணி பதினொன்றேகால். வெயில் சுவரைத் தாண்டி வாசலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலை 5 மணிக்குத் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் பக்கம் ஓட்டினேன். பின்னால் யாரும் வராத நேரமாகப் பார்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, நடுவே ஆறவிட்டு, இப்படிப் பத்து முறை. புதுப் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீராகப் படிய இது வேண்டும். சூடாக இருக்கும்போது நிறுத்தி மிதித்துக்கொண்டே நின்றால் ஒரே இடத்தில் படிந்து, பிறகு பெடல் அதிரும். ஓரமாக நிறுத்தி, தொடாமல் இரண்டு பின்சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே சூடு. திரும்பி எங்கள் தெருவுக்குள் வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டேன். டயர் சத்தம் மட்டும்தான் சுவரில் பட்டு வந்தது.

ஆறு வாரம் கழித்து இடப்பக்கச் சக்கரத்தை மறுபடி கழற்றினேன். இடையில் ஓடியது 1,300 கிலோமீட்டர். உள்பேட்டுக்கும் வெளிப்பேட்டுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ. கீழ்ப் பின் விரலுக்கு அசைந்தது. உறையின் விளிம்பைத் துடைத்துப் பள்ளத்தில் உட்காரவைத்து, காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டேன்.